துறைக்குத் துறை மாறும் ஆய்வு நடை: மதுரை ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகமலைப் புதுக்கோட்டைப் பல்கலைக்கழக வளாகத்திலும் கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கத்துக் கல்லூரிகளிலும் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருப்பவர்களின் வரைவுகளைப் படித்துத் திருத்தித் தருவது என் வேலை. காலையில் நுண்ணுயிரியல், மதியம் சமூகவியல், மாலையில் தமிழ் என்று கைக்கு வரும். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எழுத்துரு, ஓர இடைவெளி, அட்டை நிறம் பற்றி இங்கே எதுவும் இல்லை. அதற்கு உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிக்குறிப்பு இருக்கிறது.

ஆய்வு நடை என்பது எல்லாத் துறைக்கும் பொதுவான ஒன்றுதானே?

தெளிவு, நேர்மை, சொன்னதற்குச் சான்று காட்டுதல். இவ்வளவுதான் பொது. மற்றவை மாறும். பழக்கத்தால் மாறுவதாகப் பலர் நினைக்கிறார்கள்; நெறியாளரின் பிடிவாதத்தால் மாறுவதாக இன்னும் பலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரு துறை எதைச் சான்றாக ஏற்கிறது என்பதே அதன் வாக்கியத்தை வடிவமைக்கிறது. கணிதத்துக்கு நிறுவல், உயிரியலுக்கு இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய சோதனை, வரலாற்றுக்கு ஆவணம், சட்டத்துக்குத் தீர்ப்பு, இலக்கியத்துக்குப் பாட்டில் உள்ள சொல். உங்கள் துறையின் சான்று எது என்று தெரிந்தால் பாதி நடை தானாக அமையும்.

சொல்வது புரிகிறது. ஒரே விஷயம் எப்படி மாறும் என்று காட்ட முடியுமா?

கீழடியை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில் இருப்பதால் எந்தத் துறை மாணவரும் ஒருமுறையாவது போய்ப் பார்த்திருப்பார். தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தச் செய்தி இருக்கிறது: நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த ஆறு கரிம மாதிரிகள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன, அவற்றுள் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒன்றின் காலம் கி.மு. 580 என்று வந்தது. இதை மூன்று பேர் எழுதினால் எப்படி இருக்கும் என்று நானே எழுதிக் காட்டுகிறேன்.

தொல்லியல் அறிவியல் மாணவர்: “353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரித்துண்டு, முடுக்கு நிறை நிறமாலை முறையில் பகுப்பாய்வு செய்யப்பட்டது. அதன் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது.”

வரலாற்று மாணவர்: “ஒரு மாதிரியின் காலத்தை மட்டும் வைத்து ஓர் ஊரின் காலத்தை முடிவு செய்யலாமா என்ற தயக்கம் நியாயமானது. எனினும் அந்தக் கரித்துண்டு தனியே கிடைக்கவில்லை. எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் செங்கல் கட்டுமானமும் அதே இடத்தில் கிடைத்திருக்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான், கங்கைச் சமவெளியில் நகரங்கள் எழுந்த காலத்திலேயே வைகைக் கரையிலும் நகர வாழ்க்கை இருந்தது என்ற வாதம் வலுப்பெறுகிறது.”

தமிழ் இலக்கிய மாணவர்: “கீழடியின் செங்கற்கள் நகரம் இருந்ததைச் சொல்கின்றன. அந்த நகரத்தில் வாழ்வது எப்படி இருந்தது என்பதை மதுரைக்காஞ்சி சொல்கிறது. பகல் சந்தையான நாளங்காடியின் இரைச்சலையும் இரவுச் சந்தையான அல்லங்காடியின் இரைச்சலையும் அடுத்தடுத்து வைக்கும் மாங்குடி மருதனார், அதே பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையையும் நினைவூட்டுகிறார்.”

முதலாவதில் ஆளே இல்லை. யார் தோண்டினாலும் அதே ஆழம், யார் அளந்தாலும் அதே ஆண்டு என்பதுதான் அந்த வாக்கியத்தின் உரிமை கோரல். ஆகவே ஆள் மறைந்து அளவு முன்னால் வருகிறது. இரண்டாவதில் எழுதுபவர் எதிர்வாதத்தைத் தானே எழுப்பி, தானே அதற்குப் பதில் சொல்லி, பிறகே முடிவுக்கு வருகிறார். வரலாற்றுத் தேர்வாளர் முதலில் தேடுவது இதைத்தான். மூன்றாவதில் வினைகள் நிகழ்காலத்தில் இருக்கின்றன: “சொல்கிறது”, “நினைவூட்டுகிறார்”. மாங்குடி மருதனார் மறைந்து நூற்றாண்டுகள் ஆயின. பாட்டு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது என்று அந்தத் துறை கருதுகிறது.

இன்னொரு துறையும் இதே ஓடுகளுக்குள் புகுந்தது. கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக ஒரு கட்டுரை 2020இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்தது. அந்த ஆய்வுக்குக் கேள்வி பூச்சில் என்ன இருக்கிறது என்பது. அந்தப் பானையில் யார் சமைத்தார்கள் என்பது வேறொரு துறையின் கேள்வி.

“நான்” என்று எழுதலாமா?

துறையைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்.

மானிடவியலிலும் கள ஆய்வு சார்ந்த சமூகவியலிலும் “நான்” எழுதியே ஆக வேண்டும். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டைப் பற்றிக் கள ஆய்வு செய்கிறீர்கள் என்றால், வாடிவாசலுக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள், மாடு வளர்ப்பவர் வீட்டுக்கு யார் அழைத்துப் போனார்கள், பெண் என்பதாலோ சாதியாலோ எந்த இடத்துக்குள் போக முடியவில்லை என்பதெல்லாம் சான்றின் பகுதி. “ஆய்வாளர் கண்டறிந்தார்” என்று மூன்றாம் ஆளாக எழுதினால், பார்த்தவரின் நிலை தெரியாமல் பார்வை மட்டும் மிஞ்சுகிறது. அந்தத் துறைத் தேர்வாளர் உடனே கேட்பார்: பார்த்தது யார்?

தமிழ்த் துறைகளில் “ஆய்வாளர் கருதுகிறார்” என்ற நடை இன்னும் வாழ்கிறது. எனக்கு அது பிடிக்காது. தன்னைத் தானே அஞ்சல் வழியில் சந்திப்பதுபோல் இருக்கிறது. ஆனாலும் நெறியாளர் கேட்டால் அப்படியே எழுதிவிடுங்கள். பட்டம் வாங்கிய பிறகு சண்டை போடலாம்.

அறிவியல் கட்டுரையில் பன்மை வரும். அங்கே ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு வசதி அதிகம். ஆய்வகக் குழு செய்ததற்கு “நாங்கள்”. வாசகரையும் கூட்டிக்கொண்டு போகும் கணித நிறுவலுக்கு “நாம்”. “நாம் இப்போது ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்வோம்” என்பது சரி. “நாம் எலிகளுக்கு ஊசி போட்டோம்” என்றால் வாசகர் பதறிவிடுவார்.

அறிவியல் என்றால் “செய்யப்பட்டது” என்றுதான் முடிய வேண்டுமா?

செயப்பாட்டு வினை தவறல்ல. அடுக்கினால்தான் தொல்லை. அண்மையில் கைக்கு வந்த வரைவு ஒன்றில் இந்த மாதிரி வாக்கியம் இருந்தது: “மண் மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, நிழலில் உலர்த்தப்பட்டு, பொடியாக்கப்பட்டு, 2 மி.மீ. சல்லடையில் சலிக்கப்பட்டு, எடை பார்க்கப்பட்டன.” ஐந்து “படு”. இதையே “மண் மாதிரிகளைச் சேகரித்து, நிழலில் உலர்த்தி, பொடித்து, 2 மி.மீ. சல்லடையில் சலித்து எடை பார்த்தோம்” என்று எழுதலாம். ஒரு தகவலும் குறையவில்லை. தமிழில் எழுவாயைச் சொல்லாமலேயே வாக்கியம் நிற்கும், வினையெச்சங்கள் வரிசையாகச் செயல்முறையைக் கொண்டுபோகும். ஆளை மறைக்கப் “படு” சேர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

காலம் மட்டும் கவனம். செய்த முறையும் கண்ட முடிவும் இறந்தகாலத்தில். ஏற்கெனவே நிலைநாட்டப்பட்ட உண்மை நிகழ்காலத்தில். அட்டவணையும் படமும் எப்போதும் நிகழ்காலத்தில் (“அட்டவணை 3 காட்டுகிறது”).

முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதிகளை எல்லாத் துறையிலும் பயன்படுத்தலாமா?

கூடாது. சோதனை செய்யும் துறைகளுக்கு அந்தச் சட்டகம் பொருந்தும். கணிதத்தில் வரையறை, துணைத்தேற்றம், தேற்றம், நிறுவல் என்று போகும். “ஆய்வு முறை” என்று தனிப் பகுதி வைத்தால் சிரிப்பார்கள். வரலாற்றிலும் இலக்கியத்திலும் இயல் பிரிப்பே வாதம். இயல் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே என்ன நிறுவப்போகிறீர்கள் என்று தெரிய வேண்டும். “பாண்டியர் காலம்”, “நாயக்கர் காலம்”, “ஆங்கிலேயர் காலம்” என்று மூன்று இயல் வைத்தால் அது நாட்காட்டி.

மருத்துவ ஆய்வுக்கு என்ன தனி விதி?

அதிகம் எழுதப் பிடிக்காதவர்களுக்கு ஏற்ற துறை, ஏனென்றால் சுதந்திரம் குறைவு. ஆய்வுச் சுருக்கமே பெரும்பாலும் பின்னணி, முறைகள், முடிவுகள், முடிவுரை என்று தலைப்பு போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கும். சமவாய்ப்புச் சோதனையா (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரிப்பது), நோயாளி ஒருவரைப் பற்றிய அறிக்கையா, பல ஆய்வுகளைத் தொகுப்பதா என்பதைப் பொறுத்து உலக அளவில் ஏற்கப்பட்ட சரிபார்ப்புப் பட்டியல்கள் இருக்கின்றன. சமவாய்ப்புச் சோதனைக்கு ‘கான்சார்ட்’, தொகுப்பாய்வுக்குப் ‘பிரிஸ்மா’. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைக் குறிப்பிட வேண்டும். மருந்தையோ சிகிச்சையையோ மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வு என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்த எண்ணும் வேண்டும். 2009 முதல் இது கட்டாயம்.

மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும், 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இருப்பதால் நோயாளிகளைப் பற்றி எழுதும் மாணவர்களுக்கு இங்கே குறைவில்லை. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். “உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்த 43 வயதுப் பூக்கட்டும் பெண், இடது கண்ணில் அரிய நோய்” என்று எழுதினால் அந்த ஊரில் அனைவருக்கும் ஆள் தெரிந்துவிடும். சமூகவியலில் இந்த விவரம் செழுமை; மருத்துவத்தில் இது நோயாளியின் அந்தரங்கத்தை உடைப்பது. “நாற்பதுகளில் உள்ள பெண்” போதும்.

சட்டத்தில்?

சட்டக் கட்டுரை வழக்கின் பெயரைத் தூணாக வைத்து எழும். ஜல்லிக்கட்டையே பாருங்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் எதிர் ஏ. நாகராஜா வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2023இல் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. சட்ட மாணவர் இந்த மூன்றையும் தீர்ப்பின் பத்தி எண்ணோடு காட்டி, எந்தக் காரணம் எந்தக் காரணத்தை மாற்றியது என்று எழுதுவார். தீர்ப்புத் தொகுப்பைக் குறிக்கும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. கேசவானந்த பாரதி வழக்கு என்றால் (1973) 4 எஸ்சிசி 225: ஆண்டு, தொகுதி, தொகுப்பின் பெயர், பக்கம். மாட்டின் திமிலைப் பற்றிய வருணனைக்கு அங்கே இடமில்லை.

ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ, வான்கூவர்: இத்தனை மேற்கோள் முறைகள் எதற்கு?

இதைப் பலர் சடங்காகப் பார்க்கிறார்கள். உள்ளே காரணம் இருக்கிறது.

உளவியல், கல்வியியல், சமூக அறிவியல் பக்கம் ஏபிஏ. அங்கே ஆசிரியர் பெயருக்குப் பக்கத்திலேயே ஆண்டு வரும், ஏனென்றால் கண்டுபிடிப்பின் வயது முக்கியம். 1980இல் செய்த கருத்தாய்வும் 2020இல் செய்ததும் ஒன்றல்ல. இலக்கியத்தின் எம்எல்ஏ (சட்டமன்ற உறுப்பினருக்கும் இதற்கும் தொடர்பில்லை) ஆண்டை விட்டுவிட்டுப் பக்க எண்ணைக் கொடுக்கும், ஏனென்றால் வாசகர் அந்தச் சொற்களை அப்படியே போய்ப் பார்க்க வேண்டும். மருத்துவத்தின் வான்கூவரும் பொறியியலின் ஐ-டிரிபிள்-இ முறையும் வெறும் எண் மட்டும் போடும். ஒரே வாக்கியத்துக்கு ஆறு ஆய்வுகளைச் சுட்ட வேண்டியிருக்கும் இடத்தில் ஆறு பெயர்கள் வந்தால் வாக்கியம் மூச்சுத்திணறும். வரலாற்றின் சிகாகோ அடிக்குறிப்பை விரும்பும். ஆவணக் காப்பகக் கோப்பு என்றால் பெயர் மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு நம்பலாம், இன்னொருவர் வேறு மாதிரி படித்தாரா என்று கீழே கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றையே முழுக்கக் கடைப்பிடியுங்கள். முதல் இயல் ஏபிஏ, மூன்றாம் இயல் அடிக்குறிப்பு என்று இருந்தால், இயல்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்களால் தட்டச்சு செய்யப்பட்டவை என்று தேர்வாளருக்குத் தெரிந்துவிடும்.

சங்கப் பாடலையும் கல்வெட்டையும் எப்படிக் காட்டுவது?

பாடலுக்கு நூற்பெயர், பாட்டெண், அடியெண்: புறநானூறு 192, அடி 1. நெடும்பாட்டு என்றால் அடியெண் மட்டும். மதுரைக்காஞ்சிக்கு 782 அடிகள் இருப்பதால் அடி எண் இல்லாத மேற்கோள் வாசகரை அலையவிடும். எந்தப் பதிப்பு என்பதையும் முதல் முறை சொல்லிவிடுங்கள். உ.வே. சாமிநாதையரின் புறநானூறு 1894இல் வந்தது. பிந்தைய பதிப்புகளில் பாடவேறுபாடுகள் உண்டு. உங்கள் வாதமே ஒரு பாடவேறுபாட்டில் தொங்கும்போது பதிப்பைச் சொல்லாமல் விடுவது தற்கொலை.

கல்வெட்டு இன்னும் கறாரானது. மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டையோ கீழக்குயில்குடி சமணர் மலையின் வட்டெழுத்தையோ மேற்கோள் காட்டும்போது, யார் படித்த பாடம், எந்த ஆண்டறிக்கையில் எந்த எண் என்று கொடுக்க வேண்டும். சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பியிருந்தால் அடைப்புக்குறி போட வேண்டும். இலக்கிய மாணவர்கள் கல்வெட்டைத் தொடும்போது சந்தி பிரித்து, எழுத்துப் பிழை திருத்தி, அழகாக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் துறையில் அது வாசகருக்குச் செய்யும் உதவி. கல்வெட்டியலில் அது சான்றை அழிப்பது. அந்தப் “பிழை”தான் காலத்தைக் கணிக்க உதவும் தடயமாக இருக்கலாம்.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆங்கில இதழ்கள் கேட்கின்றனவே?

முன்னெழுத்து அப்பாவின் பெயரிலிருந்து வருவது என்பது இதழின் மென்பொருளுக்குத் தெரியாது. உங்கள் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்திலும், முன்னெழுத்தையோ அதன் விரிவையோ முதற்பெயர் கட்டத்திலும் கொடுங்கள். “மீனாட்சி, ரா.” என்று பட்டியலில் வரும், அதுவே நல்லது. மாற்றிக் கொடுத்தால் உங்கள் உழைப்பெல்லாம் அப்பா பெயரில் அட்டவணையாகும். முதல் கட்டுரையிலிருந்து கடைசி வரை ஒரே வடிவம் இருக்கட்டும். ஆய்வாளரைத் தனியே அடையாளம் காட்டும் ‘ஆர்கிட்’ எண் ஒன்றை இலவசமாகப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பெயர் வரிசையும் துறைக்குத் துறை வேறு. உயிரியலில் வேலை செய்தவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில். கணிதத்தில் பெரும்பாலும் அகர வரிசை. ஆகவே கணிதக் கட்டுரையில் பெயர் கடைசியில் இருப்பவரைப் பெரியவர் என்றும் எண்ண வேண்டாம், சோம்பேறி என்றும் எண்ண வேண்டாம்.

கருத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் காட்டும் ஒப்புமை 10 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது. கவலையில்லைதானே?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை, 60 வரை, 60க்கு மேல் என்று தண்டனை ஏறும். மேற்கோளாகக் காட்டியவை, நூற்பட்டியல், சட்டங்கள், வழக்கமான சமன்பாடுகள் கணக்கில் சேராது. எண்ணிக்கை சொல்வது இவ்வளவுதான்.

எண்ணைக் குறைப்பதற்காகச் சொல்லுக்குச் சொல் மாற்றுவது துறை நடையையே கெடுக்கிறது. “பொருண்மை”யைப் “பொருட்தன்மை” ஆக்கி, “கருதுகோளை” “எண்ணக்கோள்” ஆக்கிக் கொண்டுவருகிறார்கள். கலைச்சொல்லை மாற்றக் கூடாது, அது துறையின் பொதுச் சொத்து. மாற வேண்டியது உங்கள் வாதம். இன்னொருவர் சொன்னதை அவர் பெயரோடு சொல்லிவிட்டு, உங்கள் கருத்தை அடுத்த வாக்கியத்தில் தொடங்கினால் எண் தானாக இறங்கும்.

என் தலைப்பு இரண்டு துறைகளைத் தொடுகிறது. எந்த நடையில் எழுதுவது?

மதுரை மல்லியின் விலை என்று வைத்துக்கொள்வோம் (2013இல் புவிசார் குறியீடு பெற்றது). மார்கழிக் குளிரில் பூப்பு குறைகிறது, விலை ஏறுகிறது. தாவரவியலாளர் பூப்பையும் வெப்பநிலையையும் அளப்பார். பொருளியலாளர் மாட்டுத்தாவணிச் சந்தையின் வரத்தையும் முகூர்த்த நாட்களையும் மாறிகளாக்கி, குளிரின் பங்கு எவ்வளவு, கல்யாணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பார். சமூகவியலாளர் விடியற்காலையில் பூப்பறிக்கும் பெண்களிடம் கூலி பற்றிக் கேட்பார்.

மூன்றையும் ஒரே பத்தியில் கலந்தால் மூன்று தேர்வாளர்களும் ஏமாறுவார்கள். பட்டம் தரும் துறை எதுவோ அதன் சான்றை முதுகெலும்பாக வைத்து, மற்றவற்றை அதற்குத் துணையாகத் தனி இயலிலோ தனிப் பகுதியிலோ கொண்டுவாருங்கள். உறுதியின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும். தாவரவியலில் “குறைகிறது”, பொருளியலில் “தொடர்பு காணப்படுகிறது”, சமூகவியலில் “என்கிறார்கள்”. குளிர்தான் விலையை ஏற்றியது என்று அடித்துச் சொல்லப் பொருளியலாளருக்கு இன்னும் நிறையக் கணக்குப் போட வேண்டும்.

முன்னுரையைத் திருக்குறளோடு தொடங்கலாமா?

நீங்கள் எழுதுவது திருக்குறளைப் பற்றி என்றால் தொடங்கலாம். பாலிமர் வேதியியலுக்கு “ஆதிகாலம் தொட்டு மனிதன்” என்ற தொடக்கமும் வேண்டாம். நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாக ‘மற்றொன்று விரித்த’லை, அதாவது சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பதை, வைத்திருக்கிறது. தமிழ் முன்னுரைகளில் நான் அதிகம் அடிப்பது அதைத்தான்.

என் துறையின் நடையை எப்படிக் கற்றுக்கொள்வது? வகுப்பு எதுவும் இல்லையே?

நீங்கள் கட்டுரை அனுப்ப நினைக்கும் இதழின் அண்மைக் கட்டுரைகள் சிலவற்றை அச்செடுங்கள். உள்ளடக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தின் பயனிலையை மட்டும் கோடிடுங்கள். “காட்டுகிறது”, “வாதிடுகிறேன்”, “அளந்தோம்”, “எனலாம்”, “நிறுவுவோம்”. ஒரு பக்கம் முடிவதற்குள் அந்தத் துறை எவ்வளவு துணிகிறது, எங்கே தயங்குகிறது, ஆளை எங்கே காட்டுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு உங்கள் வரைவில் அதையே செய்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். “எனலாம்” மட்டும் இருபது இருந்தால் நீங்கள் எதையும் சொல்ல அஞ்சுகிறீர்கள்.

நன்றியுரைக்கும் துறை நடை உண்டா?

இதழ்க் கட்டுரையில் உண்டு: நிதி தந்த அமைப்பு, திட்ட எண், கருவி தந்த ஆய்வகம், முடிந்தது. ஆய்வேட்டில் கிடையாது. குலதெய்வம் முதல் தட்டச்சுக் கடைக்காரர் வரை யாரை வேண்டுமானாலும் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை ஒப்புமைக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. நெறியாளர் பெயரில் மட்டும் எழுத்துப்பிழை வராமல் பாருங்கள்.